கோடைக் காட்டு நடைக்கு ஒரு பென்டாக்ஸ் பாப்பிலியோ

சித்திரையிலும் வைகாசியிலும் சிறுவாணி மலையடிவாரத்து ஓடைகள் ஒடுங்கி, பாறைகளுக்கிடையே சிறு குட்டைகளாகவும் ஈர மணல் திட்டுகளாகவும் எஞ்சியிருக்கும்போதுதான் அங்கே வண்ணத்துப்பூச்சிகளையும் தும்பிகளையும் பார்ப்பது எளிது என்று நான் சொன்னால், வெயிலில் காய்ந்து கிடக்கும் காட்டில் என்ன இருக்கப்போகிறது என்று நண்பர்கள் கேட்கிறார்கள். மழைக்காலத்தில் காடெங்கும் பரவிக் கிடக்கும் ஈரம் கோடையில் ஓரிரு இடங்களில் மட்டும் தங்கிவிடுவதால், ஈரத்தைத் தேடும் உயிர்கள் எல்லாம் அந்த ஓரிரு இடங்களுக்கே வந்து சேர்கின்றன. காலை ஒன்பது மணிக்குமேல் அப்படியொரு மணல் திட்டின் அருகே நிழலில் அமர்ந்திருந்தால், நாம் தேடிப்போக வேண்டியதில்லை. அவை தாமே வருகின்றன. ஆனால், வந்தவற்றை உற்றுப் பார்ப்பதற்காக இரண்டடி எடுத்துவைத்தால் போதும், அத்தனையும் ஒரே நொடியில் எழும்பிவிடும். பல ஆண்டுகளாக எனக்கிருந்த இந்தக் குறையைப் பென்டாக்ஸ் நிறுவனத்தின் பாப்பிலியோ 6.5×21 என்ற சிறிய இருநோக்கி பெருமளவு தீர்த்துவைத்தது. மூன்று கோடைகளாக அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடந்த அனுபவத்திலிருந்து இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

பைனாகுலர் என்று நாம் பேச்சில் சொல்லும் இருநோக்கி பொதுவாகத் தொலைவில் உள்ளவற்றைப் பார்ப்பதற்காகச் செய்யப்படுவது. பறவை பார்ப்போர் பயன்படுத்தும் நல்ல இருநோக்கிகளில்கூடப் பெரும்பாலானவை இரண்டு மீட்டருக்கும் குறைவான தூரத்தில் உள்ள பொருளைத் தெளிவாகக் காட்டுவதில்லை. பல மாதிரிகளுக்கு மூன்று மீட்டர் தேவைப்படும். லென்ஸை இன்னும் கொஞ்சம் நகர்த்தினால் போதாதா என்று தோன்றலாம். சிக்கல் லென்ஸின் நகர்வில் மட்டும் இல்லை. இரண்டு குழல்களும் ஒன்றுக்கொன்று இணையாக நேரே முன்னோக்கிப் பார்ப்பதால், பொருள் மிக அருகில் வரும்போது இடக்குழல் அதன் ஒரு பக்கத்தையும் வலக்குழல் மறுபக்கத்தையும் காட்டுகின்றன. இரு காட்சிகளும் ஒன்றோடொன்று சேர மறுத்துவிடுகின்றன. மூக்கின் நுனியைப் பார்க்க முயலும்போது நம் கண்கள் உள்நோக்கித் திரும்புவதைப் போல, குழல்களும் உள்நோக்கித் திரும்பினால்தான் அந்தக் காட்சி ஒன்றாகும். பாப்பிலியோவில் இதற்கென ஓர் ஏற்பாடு இருக்கிறது. நடுவிலுள்ள ஃபோகஸ் சக்கரத்தை அருகே பார்ப்பதற்காகச் சுழற்றும்போது, முன்பக்கத்திலுள்ள இரண்டு பொருளருகு லென்ஸ்களும் ஒன்றையொன்று நெருங்கி வருகின்றன. இதனால் அரை மீட்டர் தூரத்தில் உள்ள பூச்சியைக்கூட இரு கண்களாலும் ஒரே காட்சியாக, ஆழத்தோடு பார்க்க முடிகிறது. முன்பக்கக் கண்ணாடி வழியாக உள்ளே நோக்கியபடி சக்கரத்தைச் சுழற்றினால் லென்ஸ்கள் நகர்வதை வெறும் கண்ணாலேயே காணலாம். என் அக்கா மகளுக்கு இந்த இருநோக்கியில் முதலில் பிடித்துப்போனது இதுதான்.

பெயரைப் பற்றியும் ஒரு சொல். பாப்பிலியோ என்பது வண்ணத்துப்பூச்சியைக் குறிக்கும் லத்தீன் சொல். 1758-இல் லின்னேயஸ் உயிரினங்களுக்கு இரட்டைப் பெயர் சூட்டியபோது வண்ணத்துப்பூச்சிகள் அனைத்தையும் இந்த ஒரே பேரினத்தில்தான் அடக்கினார். இன்று அந்தப் பேரினம் சுருங்கிவிட்டாலும், நம் வீட்டுக் கறிவேப்பிலைச் செடியில் முட்டையிடும் எலுமிச்சை அழகியும் காமன் மார்மனும் இன்னும் பாப்பிலியோக்களே.

இனி எண்களுக்கு வருகிறேன், ஏனெனில் இரண்டு மாதிரிகளில் எதை வாங்குவது என்ற முடிவு அவற்றில்தான் அடங்கியிருக்கிறது. 6.5×21, 8.5×21 என இரு மாதிரிகள் விற்கப்படுகின்றன. முதல் எண் உருப்பெருக்கத்தையும், இரண்டாவது எண் பொருளருகு லென்ஸின் விட்டத்தை மில்லிமீட்டரிலும் குறிக்கின்றன. இரண்டுமே அரை மீட்டர் வரை குவிகின்றன. எடையும் இரண்டுக்கும் ஏறத்தாழ 300 கிராம்தான். 8.5 பெரிய எண் என்பதால் அதுவே மேலானது என்று எண்ணுவது இயல்பு. நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். எங்கள் நடைக் குழுவில் வரும் ஓர் அக்காவிடம் 8.5 இருந்ததால், இரண்டையும் ஒரே ஓடைக்கரையில் மாற்றி மாற்றிப் பார்த்து ஒப்பிடும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அதன் பிறகு என் எண்ணம் மாறியது.

காரணம் வெளிச்சம். பொருளருகு லென்ஸின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்குள் வந்து சேரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். 6.5 மாதிரியில் அது ஏறத்தாழ 3.2 மில்லிமீட்டர், 8.5 மாதிரியில் 2.5 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. உச்சி வெயிலில் நம் கண்பாவை இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடுவதால், திறந்த மணல்வெளியில் இரண்டுக்கும் வேறுபாடே தெரிவதில்லை. ஆனால் காட்டு நடை என்பது வெயிலுக்கும் நிழலுக்கும் மாறி மாறிப் போவது. மூங்கில் புதருக்கு அடியில், சருகோடு சருகாக இறக்கையை மூடி அமர்ந்திருக்கும் ஈவினிங் பிரவுன் என்ற வண்ணத்துப்பூச்சியைப் பார்க்கத் திரும்பும்போது கண்பாவை விரிகிறது; அப்போது 8.5 மங்கலாகவும் 6.5 தெளிவாகவும் தெரிகின்றன. பார்வைப் பரப்பிலும் 6.5 முந்துகிறது: ஆயிரம் மீட்டர் தூரத்தில் அது 131 மீட்டர் அகலத்தைக் காட்டினால், 8.5 காட்டுவது 105 மீட்டர். ஓரிடத்தில் நில்லாத பூச்சியைத் தேடிப் பிடிப்பதற்கு இந்தக் கூடுதல் பரப்பு பெரிதும் உதவுகிறது. கை நடுக்கமும் குறைவாகத் தெரிகிறது. ஆகவே காட்டுக்குள் நடப்பவர்கள் தயங்காமல் 6.5 மாதிரியை வாங்கலாம் என்பது என் முடிவு. மொட்டைமாடியிலோ வீட்டுத் தோட்டத்திலோ நல்ல வெயிலில் மட்டும் பார்ப்பவர்களுக்கு வேண்டுமானால் 8.5 பொருந்தும்.

பொருளருகு லென்ஸ் 21 மில்லிமீட்டர் என்பது மிகச் சிறியதுதான். விடியற்காலையில் பறவை பார்க்கப் போகிறவர்களுக்கு இது போதாது என்பதில் ஐயமில்லை. ஆனால் வண்ணத்துப்பூச்சிகள் விடியலில் எழுவதில்லை. வெயிலில் இறக்கையை விரித்து உடல் சூடேறிய பிறகே அவை பறக்கத் தொடங்குகின்றன. தும்பிகளோ உச்சிப்பொழுதில்தான் ஓடையை ஆளுகின்றன. நாம் பார்க்கும் நேரமும் இந்த லென்ஸுக்குப் போதிய வெளிச்சம் கிடைக்கும் நேரமும் ஒன்றாக அமைந்துவிடுவதால், பறவைக்குக் குறையாக இருப்பது இங்கே குறையாகத் தெரிவதில்லை.

இந்தக் கருவி எதைக் காட்டுகிறது என்பதைச் சொல்லாமல் அதன் தரத்தை மட்டும் பேசுவதில் பொருளில்லை. சென்ற கோடையில் வனத்துறையின் அனுமதியோடும், உடன் வந்த வேட்டைத் தடுப்புக் காவலரோடும் நாங்கள் சென்ற ஒரு நடையை எடுத்துக்கொள்கிறேன். முந்தைய வாரம் இரண்டு நாள் கோடை மழை பெய்திருந்தது. ஓடையோர மணலில் முதலில் கண்ணில் பட்டவை கொன்னை வெள்ளையன்கள். சரக்கொன்றையின் இலைகளைத் தின்று வளரும் இந்த இனம், கொன்றை பூத்துத் தொங்கும் அந்தப் பருவத்தில் மணல் திட்டில் நெருக்கியடித்து அமர்ந்திருந்தது. அவற்றினிடையே காமன் ஜே, காமன் புளூபாட்டில் போன்றவையும் இறக்கையை விடாமல் அடித்துக்கொண்டு அமர்ந்திருந்தன. இப்படி ஈர மணலில் கூடுபவை பெரும்பாலும் ஆண்களே. மலர்த்தேனில் கிடைக்காத சோடியம் போன்ற உப்புகளை அவை நீரோடு சேர்த்து உறிஞ்சிக்கொள்கின்றன. இணைசேரும்போது அந்த உப்பில் ஒரு பகுதி பெண்ணுக்குப் போய்ச் சேர்ந்து முட்டைகளுக்குப் பயன்படுகிறது. இதைப் படித்து அறிந்திருந்தேனே தவிரக் கண்ணால் கண்டதில்லை. ஒன்றரை மீட்டர் தூரத்தில் சம்மணமிட்டு அமர்ந்து இருநோக்கியைக் கண்ணில் வைத்தபோது, சுருள் வில்லைப் போன்ற உறிஞ்சுகுழலை நீட்டி மணல் துகள்களுக்கிடையே அது துழாவுவதையும், உடலின் பின்முனையிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் வெளியேறுவதையும் பார்த்தேன். உப்பை வைத்துக்கொண்டு நீரை வெளியேற்றும் அந்த வேலை நிற்காமல் நடந்துகொண்டே இருக்கிறது. கேமராவில் எடுத்த படத்தில் இந்தத் தொடர் நிகழ்வு தெரிவதில்லை.

ஒரு மீட்டர் தூரத்தில் வைத்துப் பார்த்தால் அடையாளம் காண்பதில் எத்தனை ஐயங்கள் தீர்கின்றன என்பதற்குக் காமன் மார்மனைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. ஈஸ்வரமூலி, ஆடுதீண்டாப்பாளை ஆகியவற்றைத் தின்று வளரும் காமன் ரோஸும் கிரிம்சன் ரோஸும் அந்தச் செடிகளின் நஞ்சை உடலில் தேக்கி வைத்திருப்பதால் பறவைகள் அவற்றைத் தொடுவதில்லை. நஞ்சில்லாத காமன் மார்மனின் பெண்களில் ஒரு வகை காமன் ரோஸைப் போலவும், இன்னொரு வகை கிரிம்சன் ரோஸைப் போலவும் வேடமிட்டுத் திரிகின்றன. ஆணைப் போலவே இருக்கும் மூன்றாவது வகையும் உண்டு. இறக்கையை மட்டும் பார்த்தால் பழகிய கண்ணும் ஏமாந்துவிடும். உடலைப் பார்க்க வேண்டும்: ரோஸ்களின் உடல் சிவப்பாக இருக்கும், மார்மனின் உடல் கறுப்பு. உண்ணிச் செடியின் பூங்கொத்தில் சிறகடித்தபடி தேன் குடிக்கும் பூச்சியின் உடல் நிறத்தை வெறும் கண்ணால் உறுதிசெய்வது கடினம், 6.5 மடங்கு பெருக்கி இரு கண்ணாலும் பார்க்கும்போது ஒரே நொடியில் விடை கிடைத்துவிடுகிறது. அக்கா மகள் அன்று ஐந்து ரோஸ்களைக் கண்டதாகக் குறித்துக்கொண்டிருந்தாள். மறுபடி பார்த்தபோது அவற்றில் இரண்டு மார்மன்களாகிவிட்டன.

சிற்றினங்களில்தான் இந்த இருநோக்கி தன் முழு ஆற்றலையும் காட்டுகிறது. இலந்தைப் புதரில் அமரும் காமன் சில்வர்லைனின் இறக்கையடியில் செம்பட்டைகள் ஓடும். ஒவ்வொரு பட்டையின் நடுவிலும் மெல்லிய வெள்ளிக் கோடு ஒன்று உண்டு. அரை மீட்டரில் அந்த வெள்ளி உண்மையிலேயே மின்னுகிறது. பின்னிறக்கையின் முனையில் வால்களும் கறுப்புப் புள்ளிகளும் சேர்ந்து ஒரு பொய்த்தலையை உருவாக்குகின்றன. அமர்ந்தவுடன் பின்னிறக்கைகளை மேலும் கீழுமாகத் தேய்த்து அந்தப் பொய்த்தலைக்கு உயிர் இருப்பது போலக் காட்டி, கொத்த வரும் எதிரியின் கவனத்தை உண்மைத் தலையிலிருந்து திருப்பிவிடுகிறது. தரையோடு தரையாகப் பறக்கும் கிராஸ் ஜூவல் இந்தியாவின் மிகச் சிறிய வண்ணத்துப்பூச்சிகளுள் ஒன்று. விரித்த இறக்கையே சுமார் இரண்டு சென்டிமீட்டர்தான். அதன் பின்னிறக்கை ஓரத்தில் ஆரஞ்சு நிறம் சூழ்ந்த கரும்புள்ளிகள் உலோகம் போல மினுங்குவதைக் காண்பதற்காக முன்பெல்லாம் கைலென்ஸோடு தரையில் படுத்து, பூச்சியின்மேல் நிழல் விழுந்து, அது பறந்துபோனதே மிச்சம். கைலென்ஸுக்குச் சில சென்டிமீட்டர் நெருக்கம் தேவை. அரை மீட்டரில் நின்றுகொண்டு 6.5 மடங்கு பெருக்குவது, எட்டு சென்டிமீட்டருக்கும் குறைவான தூரத்தில் கண்ணை வைத்துப் பார்ப்பதற்கு ஒப்பானது. பூச்சிக்கு அந்த நெருக்கம் தெரிவதில்லை.

கோடை நடையின் இன்னொரு சிறப்பு வலசை. ஏப்ரல் முதல் ஜூன் வரை, தென்மேற்குப் பருவமழை இறங்குவதற்கு முன்பு, புளூ டைகர், டார்க் புளூ டைகர், காமன் குரோ, டபுள் பிராண்டட் குரோ ஆகிய வண்ணத்துப்பூச்சிகள் மேற்குத் தொடர்ச்சி மலைகளிலிருந்து சமவெளியையும் கிழக்குத் தொடர்ச்சி மலைகளையும் நோக்கித் திரள் திரளாகச் செல்கின்றன. பறந்துகொண்டிருக்கும் திரளை எண்ணுவதற்கு இருநோக்கியே தேவையில்லை. ஆனால் அவை கிலுகிலுப்பை, தேள்கொடுக்கு போன்ற செடிகளின் காய்ந்த தண்டில் மொய்த்து அமர்ந்து சாற்றை உறிஞ்சும்போது, எந்த இனம் எத்தனை என்று பிரித்தறிய உதவி வேண்டும். அந்தச் செடிகளிலுள்ள கசப்பான வேதிப்பொருளை ஆண்கள் சேகரித்து, பெண்ணை ஈர்க்கும் மணப்பொருளாக மாற்றிக்கொள்கின்றன. ஆண் டபுள் பிராண்டட் குரோவின் முன்னிறக்கையில் இரண்டு தீற்றல்கள் உண்டு. காமன் குரோவின் ஆணுக்கு ஒன்று. இறக்கை விரியும் அந்த ஒரு கணத்தில் அதைக் கண்டுகொள்ள, குழுவில் எல்லோரும் சொல்வதுபோல, முன்னதாகவே குவியத்தைச் சரிசெய்து காத்திருக்க வேண்டும். நம் மாநில வண்ணத்துப்பூச்சியாக 2019-இல் அறிவிக்கப்பட்ட தமிழ் மறவனையும் அன்று ஓடையின் வளைவில் கண்டோம். ஆரஞ்சு நிறத்தில் ஏழெட்டு ஒன்றாக வந்து, ஈரப் பாறையில் சற்றே அமர்ந்து, மீண்டும் மரங்களுக்கிடையே ஏறிவிட்டன. காடுகளின் ஓரத்தில் உயரே பறந்து திரியும் இத்தகையவற்றைத் தொடர்வதற்கு இந்தக் கருவி ஏற்றதன்று என்பதையும் சொல்ல வேண்டும். அருகில் வந்து அமர்ந்தால்தான் உண்டு.

தும்பிகளைப் பொறுத்தவரை என் தீர்ப்பு இரண்டாகப் பிரிகிறது. தட்டான் என்று நாம் சொல்லும் பெரிய தும்பிகளில் பல, ஓடையின் நடுவே உள்ள பாறையிலோ குச்சி நுனியிலோ அமரும். நான்கரை மீட்டர் தூரத்தில் உள்ள அதை 6.5 மடங்கு பெருக்கினால் எழுபது சென்டிமீட்டரில் பார்ப்பது போலிருக்கும். இனம் அறிய அது போதும், நுட்பம் காண அது போதாது, இங்கே 8.5 சற்று முந்துகிறது, 8×32 இருநோக்கி இன்னும் முந்துகிறது. இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த நிறமுள்ள கிரிம்சன் மார்ஷ் கிளைடர் உச்சி வெயிலில் வாலை வானத்தை நோக்கிச் செங்குத்தாக உயர்த்தி நிற்பதைக் கோடையில் அடிக்கடி பார்க்கலாம். தலைக்கு நேர்மேலே உள்ள சூரியனை நோக்கி உடலைக் குத்திட்டு நிறுத்தினால் வெயில் படும் பரப்பு குறைகிறது. உடல் சூடேறாமல் காத்துக்கொள்ளும் வழி அது. அதே ஓடையில் ஸ்ட்ரீம் குளோரி என்னும் ஊசித்தட்டான் செம்பழுப்பு இறக்கைகளை மூடி ஒன்றும் அறியாததுபோல அமர்ந்திருக்கும். திடீரென ஒருமுறை விரிக்கும்போது பின்னிறக்கைகள் மயில்கழுத்துப் பச்சையாக ஒளிவிட்டு மூடிக்கொள்ளும். ஆணுக்கு மட்டுமே உள்ள அந்த ஒளியை இருநோக்கிக்குள் முதன்முறை கண்டபோது நான் மூச்சுவிட மறந்து நின்றேன்.

அருகில் அமர்பவற்றில் நான் மிகவும் விரும்புவது கிரானைட் கோஸ்ட். கருங்கல் பாறையிலும் சிமெண்டுச் சுவரிலும் இறக்கையைத் தட்டையாகப் பரப்பி ஒட்டிக்கொள்ளும் இந்தத் தும்பி, கல்லின் புள்ளிகளையும் கோடுகளையும் அப்படியே உடலில் வாங்கியிருக்கிறது. இது மனிதரை அவ்வளவாக அஞ்சுவதில்லை என்பதால் முக்கால் மீட்டர் வரை நெருங்க முடிகிறது. அந்தத் தூரத்தில் ஒவ்வொரு இறக்கையின் நுனியருகிலும் நடுவில் கறுப்பும் இரு முனைகளிலும் வெள்ளையுமாக உள்ள சிறு கட்டம் தெளிவாகத் தெரிகிறது. தலையைச் சட்டென்று திருப்பி நம்மைப் பார்க்கும்போது, கூட்டுக்கண்ணின் வளைவும் நிறமும்கூடத் தெரிகின்றன. தும்பியின் ஒரு கண்ணில் 30,000 வரை சிறுகண்கள் இருக்கலாம். அவற்றைத் தனித்தனியாகக் காட்டும் ஆற்றல் எந்த இருநோக்கிக்கும் இல்லை என்றாலும், அந்தக் கண் நம்மைக் கவனிக்கிறது என்ற உணர்வு அரை மீட்டரில் வந்துவிடுகிறது.

பறந்துகொண்டே இருக்கும் தும்பிகளுக்கு இதை நம்ப வேண்டாம். மழைக்கு முன் வயல்வெளிகளுக்குமேல் கூட்டமாகச் சுற்றும் குளோப் ஸ்கிம்மரைத்தான் நம் ஊரில் ‘தட்டான் தாழப் பறந்தால் தப்பாமல் மழை’ என்ற பழமொழியோடு சேர்த்துப் பலரும் அறிந்திருக்கிறார்கள். ஆண்டுதோறும் அக்டோபரில் இவை மாலத்தீவுகளில் பெருமளவில் வந்து இறங்குவதைக் கவனித்த உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன், இவை இந்தியாவிலிருந்து இந்தியப் பெருங்கடலைக் கடந்து கிழக்கு ஆப்பிரிக்கா வரை செல்கின்றன என்ற கருத்தை 2009-இல் வெளியிட்டார். அத்தகைய பறவைக்கு ஒப்பான பூச்சி தலைக்குமேல் சுற்றும்போது ஃபோகஸ் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தால் கையும் கண்ணும்தான் சோரும். அரை மீட்டரிலிருந்து அடிவானம் வரை குவிய வேண்டிய ஒரு கருவியில் சக்கரம் நெடுந்தூரம் சுழல வேண்டியிருப்பது தவிர்க்க முடியாதது. இதற்கு நான் பழகிக்கொண்ட வழி எளியது: நடக்கும்போது எப்போதும் இரண்டு மீட்டருக்குக் குவித்து வைத்துக்கொள்கிறேன். பெரும்பாலான சந்திப்புகள் ஒன்று முதல் மூன்று மீட்டருக்குள் நடப்பதால் சிறு திருப்பம் போதுமானதாகிறது.

கண்ணாடி அணிபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கண்ணருகு லென்ஸுக்கும் கண்ணுக்கும் இடையே இருக்கக்கூடிய தூரம் 15 மில்லிமீட்டர். மெல்லிய சட்டமுள்ள கண்ணாடியோடு எனக்கு ஓரங்கள் சற்றே வெட்டுப்பட்டாலும் முழுக் காட்சியும் ஏறத்தாழக் கிடைக்கிறது. தடித்த கண்ணாடி அணிபவர்கள் கடையில் வைத்துப் பார்த்துவிட்டே வாங்க வேண்டும். இரு கண்களுக்கும் இடையிலான அகலத்தைச் சரிசெய்ய ஒரு பக்கத்தை நகர்த்தினால் மறுபக்கமும் அதற்கேற்ப நகர்வதால், குழந்தையின் கையிலிருந்து வாங்கி நம் கண்ணுக்கு மாற்றிக்கொள்ள நேரமாவதில்லை. முக்காலியில் பொருத்துவதற்கான துளை அடிப்பகுதியில் இருக்கிறது. ஒரு பூவின்மேல் குவித்து முக்காலியில் நிறுத்திவிட்டால், பள்ளி மாணவர்கள் வரிசையாக வந்து பார்க்கலாம். குழு நடைகளில் இதை இரண்டு முறை செய்து பார்த்தோம், நன்றாக அமைந்தது.

நீர்புகாத் தன்மை இதற்கு இல்லை. தயாரிப்பாளரும் அப்படிச் சொல்லி விற்பதில்லை. கோடையில் மதியத்துக்குமேல் இடியோடு மழை இறங்கும் மலையடிவாரத்தில் இது முதன்மையான செய்தி. முன்பு நான் வைத்திருந்த வேறொரு நிறுவனத்தின் இருநோக்கி, இப்படிப்பட்ட ஒரே மழையில் உள்ளே ஆவி படிந்து, பிறகு பூஞ்சை பிடித்து வீணானது. அந்தப் பாடத்தால், பையில் எப்போதும் வாய் மூடக்கூடிய கெட்டியான பிளாஸ்டிக் உறை ஒன்றை வைத்திருக்கிறேன். வீட்டில் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைக்கிறேன். முன்பக்கக் கண்ணாடியில் படியும் தூசியைச் சட்டை நுனியால் துடைக்காமல் முதலில் ஊதி அகற்றுவது நல்லது.

பாதுகாப்பைப் பற்றி உடன் வந்த காவலர் சொன்ன ஒன்றை இங்கே சேர்க்காவிட்டால் இந்த மதிப்புரை முழுமையாகாது. தரையில் ஒரு சில்வர்லைனைப் பார்த்தபடி நான் நெடுநேரம் குனிந்திருந்தபோது, ‘சார், பூச்சிய நான் பாக்க மாட்டேன், யானைய நீங்க பாக்க மாட்டீங்க, அதனாலதான் நான் கூட வர்றேன்’ என்றார் அவர். அரை மீட்டர் உலகத்துக்குள் ஆழ்ந்துவிடும் மனம் ஐம்பது மீட்டரில் மூங்கில் முறியும் ஓசையைத் தவறவிடும். யானை நடமாடும் இப்பகுதியில் அனுமதியின்றியும் துணையின்றியும் இந்தக் கருவியோடு செல்வது, இது இல்லாமல் செல்வதைவிடக் கூடுதல் ஆபத்து என்றே நான் கருதுகிறேன். ஒரு நிமிடம் பார்த்தால், கருவியை இறக்கிவிட்டுச் சுற்றிலும் ஒருமுறை நோக்கும் பழக்கத்தை அன்றுமுதல் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

கேமரா இருக்க இது எதற்கு என்ற கேள்வியையும் எதிர்கொள்கிறேன். பதிவு செய்வதற்கும், அறியாத இனத்தை அறிந்தவரிடம் காட்டுவதற்கும் படம் வேண்டும், அதில் மறுப்பில்லை. இருநோக்கியால் சான்று எதையும் வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. ஆனால் படத்துக்காக நெருங்கி, செடியை வளைத்து, மணல் திட்டில் கால் வைத்து, உப்பு உறிஞ்சிக்கொண்டிருந்த நூறு பூச்சிகளைக் கலைத்துவிட்டுப் போகும் குழுக்களை ஒவ்வொரு கோடையிலும் பார்க்கிறேன். அது என்னை மிகவும் வருத்துகிறது. கோடையில் அந்த ஈரம் அவற்றுக்கு வேறெங்கும் கிடைப்பதில்லை. ஒரு மீட்டர் தள்ளி அமர்ந்து பார்க்கக் கற்றுக்கொடுக்கும் கருவி என்பதாலேயே, குழந்தைகளுக்கு முதலில் கேமராவைக் கொடுப்பதைவிட இதைக் கொடுக்கலாம் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஒரே ஓர் இருநோக்கிதான் வாங்க முடியும், அதிலேயே பறவைகளையும் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு, இரண்டு மீட்டர் வரை குவியக்கூடிய, நீர்புகாத 8×32 ஒன்றைப் பரிந்துரைப்பேன். பறவைக்கென ஒன்று ஏற்கெனவே இருந்து, பூச்சிகள்மேல் மனம் சாய்ந்துவிட்டவர்களுக்குப் பாப்பிலியோ 6.5×21-க்கு ஈடான வேறொன்றை நான் இன்னும் பயன்படுத்திப் பார்த்ததில்லை. விலை கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் மாறுவதால் இங்கே எழுதவில்லை. இரண்டு மூன்று இடங்களில் விசாரித்துவிட்டு வாங்குங்கள். எந்த இருநோக்கியும் போக்குவரத்தில் அடிபட்டால் இரு குழல்களின் இணைநிலை கெட வாய்ப்புண்டு என்பதால், பெட்டியைப் பிரித்தவுடன் ஒரு ரூபாய் நாணயத்தை மேசைமேல் வைத்து, அரை மீட்டர் தள்ளி அமர்ந்து, குவியத்தை மிக அருகுக்குக் கொண்டுவாருங்கள். நாணயத்தின் விளிம்பு இரண்டாகத் தெரியாமல் ஒன்றாக நின்று, ஒரு நிமிடம் பார்த்த பிறகும் கண்ணில் இழுப்போ நெற்றியில் வலியோ தோன்றாவிட்டால் அதை வைத்துக்கொள்ளலாம். தோன்றினால் அன்றே திருப்பி அனுப்பிவிடுங்கள்.